பாக்தாத்தில் பிராங்கன்ஸ்டைன்: தழுவலா, தனிப்படைப்பா?

கேள்வி:
ஈராக்கிய எழுத்தாளர் அகமது சாதாவியின் 'பாக்தாத்தில் பிராங்கன்ஸ்டைன்' நாவல் 2013-இல் அரபியில் வெளிவந்து, மறு ஆண்டே அரபுப் புனைவுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றது. 1818-இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' கதையிலிருந்து, பெயரைத் தவிர இந்நாவல் வேறு எதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது?

மறுமொழி 1:
தைக்கப்பட்ட உடலை எடுத்துக்கொண்டது, நோக்கத்தை விட்டுவிட்டது. ஷெல்லியின் கதையில் அந்த உடலை உருவாக்கும் விக்டர் பிராங்கன்ஸ்டைன் அறிவுப்பசி கொண்ட மாணவன். சாதாவியின் ஹாதியோ பழைய சாமான் வியாபாரி. 2005-இன் பாக்தாத்தில் குண்டுவெடிப்புகளுக்குப் பின் தெருவில் சிதறிக் கிடக்கும் உறுப்புகள் குப்பையாகிவிடாமல், ஒரு முழு மனிதனாக முறைப்படி அடக்கம் பெறவேண்டும் என்பதற்காகவே அவற்றைச் சேர்த்துத் தைக்கிறான். குறையாக இருந்த மூக்கை அவன் பொருத்தும் இடத்தில் எனக்கு அருவருப்பைவிடத் துக்கமே மேலிட்டது.

மறுமொழி 2:
அந்த உடலுக்கு உயிர் வரும் விதத்தையும் கவனியுங்கள். இங்கே ஆய்வுக்கூடம் இல்லை. குண்டுவெடிப்பில் இறந்து, தன் உடலைக் காணாமல் அலையும் ஓட்டல் காவலாளி ஒருவனின் ஆன்மா அதற்குள் புகுகிறது. ஈரானுடனான போருக்குப் போய்த் திரும்பாத மகனாக அதை ஏற்று, 'தானியேல்' என்று பெயர்சொல்லி எழுப்புபவள் எலிஷ்வா என்ற அசீரியக் கிறித்தவ மூதாட்டி. கோதிக் கதைகள் எனப்படும் பழைய திகில் கதைகளின் பாழடைந்த கோட்டைக்கு ஈடாக, பாக்தாத்தின் பதாவீன் பகுதியிலுள்ள அவளது பழைய வீட்டை நான் வாசித்தேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பழிவாங்கலின் இடம் என்ன?

மறுமொழி 1:
பழிவாங்கும் விதமே சாதாவியின் சொந்தச் சரக்கு. தன் உறுப்புகளுக்கு உரியவர்களைக் கொன்றவர்களை அவ்வுடல் பழிவாங்குகிறது. ஒருவருக்காகப் பழிதீர்த்ததும் அவருடைய தசை உதிர்ந்துவிடுகிறது. புதுத் தசைக்காகக் கொலை தொடர, குற்றவாளிகளின் தசையும் அவ்வுடலில் கலந்துவிடுகிறது.