கலைச்சொல் வேண்டல்: இரைப் பூச்சிக்கு முன்கூட்டியே தீனி கொடுப்பதை எப்படிச் சொல்வது?

ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்

குழும உறுப்பினர்களுக்கு வணக்கம்.

ஊர்வனவற்றுக்கும் மருத்துவம் பார்க்கும் இங்குள்ள ஒரு விலங்கு மருத்துவமனைக்காக, முதன்முதலாகப் பச்சோந்தி வளர்க்கத் தொடங்கும் வீடுகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துக்கொள்வார்கள். ஆனால் பகலில் வீட்டிலிருந்து தீனி வைப்பவர்கள் அம்மம்மாவும் அப்பப்பாவும்தான். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகிறது.

இங்கே பெரும்பாலும் வளர்ப்பது ஏமனையும் தென்மேற்குச் சவூதி அரேபியாவையும் தாயகமாகக் கொண்ட, தலையில் உயர்ந்த கொண்டையுள்ள இனம். ஒரு கூண்டில் ஒன்றுக்கு மேல் வைக்கலாகாது என்பதையும், காற்றோட்டமுள்ள வலைக்கூண்டு இரண்டடி அகலமும் நான்கடி உயரமுமாக இருக்க வேண்டும் என்பதையும், வெயில் காயும் கிளையில் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதையும், கிண்ணத்து நீரை அது கண்டுகொள்வது அரிதாகையால் இலைகளின்மேல் நீர் தெளிக்க வேண்டும் என்பதையும் தடையின்றி எழுதிவிட்டேன். ‘கட் லோடிங்’ என்ற ஒரு சொல்தான் நிற்கிறது. பச்சோந்திக்குப் போடும் சுவர்க்கோழி என்னும் பூச்சிகளுக்கு முந்திய ஓரிரு நாள் கீரையும் காய்கறியும் தின்னக் கொடுத்து, அந்தச் சத்து அவற்றின் வயிற்றில் இருக்கும்போதே இரையாக்கும் முறை அது. ‘குடல்நிரப்பல்’ என்றால் யாருடைய குடல் என்பது தெரியவில்லை. உங்கள் பரிந்துரைகளை வேண்டுகிறேன்.

கோயம்புத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர்,

‘ஊட்டிரை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காண் என்பதிலிருந்து காட்டு, பூண் என்பதிலிருந்து பூட்டு என்று பிறவினை பிறப்பதைப் போல உண் என்பதிலிருந்து ஊட்டு பிறக்கிறது. ஊட்டு, இரை என்னும் இரண்டும் சேரும்போது குற்றியலுகரம் கெட்டு ஊட்டிரை என்றாகும். இது வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று நன்னூல் சொல்வதை இங்கு அனைவரும் அறிவோம். ஊறுகாய் என்பது ஊறிய, ஊறுகின்ற, ஊறும் காய் மூன்றையும் குறிப்பதைப் போல, ஊட்டிரையும் நாம் நேற்று ஊட்டிய இரையையும் நாளை பச்சோந்திக்கு ஊட்டும் இரையையும் ஒருங்கே குறிக்கும். நீங்கள் சொல்லும் முறையில் இந்த இரண்டு செயலுமே இருக்கின்றன அல்லவா? ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது.

‘இரை’ என்ற சொல்லின் பழமையையும் சொல்லியாக வேண்டும். குறுந்தொகையில் ‘இரைதேர் வெண்குருகு’ வருகிறது. இரையைப் பெய்யும் பை என்பதால்தான் வயிற்றுக்கு இரைப்பை என்று பெயர். கையேட்டின் அடுத்த பக்கத்தில் பூச்சிகளின்மேல் கால்சியப் பொடி தூவுவது பற்றி எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் ‘சுண்ணத்தூவல்’ என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். தூவும் நறும்பொடிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் சுண்ணம்.

யாழ்ப்பாணம், அறிவியல் ஆசிரியை

ஐயாவுக்கு வணக்கம். ஊட்டிரையின் புணர்ச்சியில் எனக்கு ஐயமில்லை, பொருளில் இருக்கிறது. ‘குழந்தைக்குச் சோறு ஊட்டினாள்’ என்னும்போது ஊட்டப்படுவது சோறு, உண்பது குழந்தை. அந்த வழக்குப்படி ஊட்டிரை என்றால் ‘ஊட்டப்படுகிற இரை’ என்றுதான் முதலில் தோன்றும். பச்சோந்திக்குக் கொடுக்கும் எல்லா இரையும் அப்படிப்பட்டதுதானே? பசியோடு பெட்டியில் கிடந்த சுவர்க்கோழியும் ஊட்டிரை, கீரை தின்ற சுவர்க்கோழியும் ஊட்டிரை என்றாகிவிட்டால், எந்த வேறுபாட்டுக்காகச் சொல் தேடினோமோ அந்த வேறுபாடே அழிந்துவிடும்.

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் ‘செறிவூட்டப்பட்ட அரிசி’ என்று எழுதுகிறார்கள். அதைப் பின்பற்றி ‘இரைச் செறிவூட்டல்’ என்று வைத்தால் பலருக்கும் உடனே புரியும். இன்னொரு வேண்டுகோள்: படிப்பவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஊர்க்காரராக இருந்தால் கால்சியத்தைக் ‘கல்சியம்’ என்றும் புறஊதாவைக் ‘கழியூதா’ என்றும் எழுதுங்கள். எங்கள் பாடநூல்களில் அவைதான் இருக்கின்றன.

சென்னை, கால்நடை மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். சொல்லாய்வில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆயினும் இந்த இழையில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தயவுசெய்து சுண்ணம், சுண்ணாம்பு என்ற வடிவம் எதுவும் கையேட்டில் எங்கும் வர வேண்டாம். தமிழ் வீட்டில் ஒரு பாட்டி ‘பூச்சியின்மேல் சுண்ணம் தூவுக’ என்று படித்தால் அவர் கை போகுமிடம் வெற்றிலைப் பெட்டி. அங்கிருப்பது நீற்றிய சுண்ணாம்பு, அது கடுங்காரம். பச்சோந்தியின் நாக்கையும் வாயையும் அது புண்ணாக்கிவிடும். கடையில் வாங்கிய கால்சியம் கார்பனேட் பொடி என்று நேராக எழுதுங்கள்.

இந்த முறை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவர்க்கோழியின் உடலில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பல மடங்கு மிகுதி. பச்சோந்திக்கு வேண்டியதோ கிட்டத்தட்ட இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். இந்தக் குறையைப் பொடி தூவி மட்டும் சரிசெய்ய முடியாது. பூச்சி கால்களால் தன்னைத் துடைத்துத் துடைத்துச் சிறிது நேரத்திலேயே பொடியை உதறிவிடும். அதனால் உள்ளேயும் சத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால், புறஊதா விளக்கும் சரியில்லாதபோது, எலும்பு மெலிந்து முன்கால் வில்லாக வளையும், தாடை மென்மையாகும், நாக்கை எறிந்து இரையைப் பிடிக்க இயலாமல் போகும். வளைந்த எலும்பு பெரும்பாலும் நிமிர்வதில்லை.

‘குடல்நிரப்ப’லை விட்டது நல்லது. இந்த இனத்தின் பெண் விலங்குக்கு வயிறு முட்ட இரை கொடுத்தால், ஆண் துணையே இல்லாமலும் முட்டைகள் மிகுந்து உருவாகும்; அவற்றை வெளியேற்ற முடியாமல் இறந்துபோகவும் கூடும். ‘செறிவூட்டல்’ என்பதும் எனக்கு முழு நிறைவு தரவில்லை. அரிசி ஆலையில் செறிவூட்டப்பட்டு வருவதைப் போல, கடையிலிருந்து வரும் பூச்சியிலேயே சத்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துவிடுவார்கள். வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.

மதுரை, ஆய்வு மாணவி

மருத்துவர் ஐயா ‘உள்ளேயும்’ என்றதிலிருந்து ஒன்று தோன்றியது. சத்தைப் பூச்சியின் உள்ளே சேர்ப்பது ‘அகவூட்டம்’. மேலே தூவுவது ‘புறத்தூவல்’. இணைச்சொற்களாக இருப்பதால் ஒன்றைச் செய்தவர் மற்றதை மறக்க மாட்டார். அகமும் புறமும் நமக்குப் புதியவை அல்ல.

கோயம்புத்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மருத்துவர் சொன்ன பிறகு சுண்ணத்தை வற்புறுத்துவது முறையன்று. அதைத் திரும்பப் பெறுகிறேன். ஊட்டிரையைத் திரும்பப் பெற மாட்டேன். யாழ்ப்பாணத்து அம்மையார் காட்டிய வழக்கு உண்மையே. ஆனால் ஊட்டு என்னும் வினைக்கு அந்த ஒரு வழக்கு மட்டும் இல்லை. ‘அகிற்புகை ஊட்டிய கூந்தல்’, ‘சாயம் ஊட்டிய நூல்’ என்கிறோம். அங்கே கூந்தலும் நூலும் ஊட்டப்பட்டதை உள்வாங்கிக்கொண்டவை. கீரையின் சத்தை உள்வாங்கிய பூச்சி அவ்வாறே ஊட்டிரை ஆகும்.

அகவூட்டம் அழகிய சொல்தான். ஆயினும் அதில் இரை என்ற சொல்லே இல்லை. பச்சோந்தியின் அகத்துக்கு ஊட்டுவதாகவும் கொள்ளலாம். குடல்நிரப்பலில் இருந்த குழப்பம் வேறு வாயில் வழியே உள்ளே வருகிறது.

பச்சோந்தி பற்றிய கையேடு என்பதால் இதையும் சேர்க்கிறேன். சங்கப் புலவர் அள்ளூர் நன்முல்லையார் ‘வேதின வெரிநின் ஓதி முதுபோத்து’ என்கிறார். வேதினம் அரிவாள் போலப் பல்லுடைய கருவி, வெரிந் முதுகு. ஓதிதான் ஓந்தி ஆயிற்று. பச்சோந்தியில் இருப்பதும் அதுவே. பாலைநில வழியில் அது இருக்கும் நிலையைப் பார்த்து வழிச்செல்வோர் நிமித்தம் கொண்டனர். முதுகின் பல்வரிசையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தனை கூர்மையாகப் பார்த்தவர்களின் மொழியில் இதற்கு ஒரு சொல் அமையாதா என்பதுதான் என் ஆதங்கம்.

சென்னை, கால்நடை மருத்துவர்

அந்த ஓதி நம் தோட்டத்து ஓணானாகவும் இருக்கலாம். அதன் முதுகிலும் பல்வரிசை உண்டு. பாடலைப் பற்றி முடிவு சொல்ல நான் தகுதியுடையவன் அல்லேன். ஒன்றை மட்டும் கையேட்டில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்: இந்தியாவில் காணப்படும் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுவது. ஊருக்கு வரும் பிள்ளைகள் வேலியில் பார்த்ததைப் பிடித்து வளர்க்க முனையக் கூடாது.

ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு கோப்பை ஒப்படைக்க வேண்டும். மருத்துவரின் சட்டக் குறிப்பைச் சேர்த்துவிட்டேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஊட்டிரைக்கே ஆதரவு சற்று மிகுதி. இருவர் அதை ‘வேறு வழியில்லாததால்’ ஏற்பதாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே தலைப்பில் ‘ஊட்டிரை’ என்றும், அதன் கீழே பின்வருமாறும் வைக்கிறேன்:

‘சுவர்க்கோழிகளைப் பச்சோந்திக்குக் கொடுப்பதற்கு முதல்நாளே கடுகுக்கீரை, முருங்கையிலை, கரட், வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) ஆகியவற்றை அவை நன்கு தின்னும்படி போட்டு வையுங்கள். பசளிக்கீரையை நாள்தோறும் போட வேண்டாம். அதிலுள்ள ஒக்சலேற்று கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கொடுக்கும்போது, கடையில் வாங்கிய கல்சியப் பொடியை மேலே மெல்லியதாகத் தூவுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.’

யாழ்ப்பாணம், அறிவியல் ஆசிரியை

விளக்கப் பகுதி மிக நன்றாக வந்திருக்கிறது. என் தாயாரிடம் வாசித்துக் காட்டினேன், ஒரு சொல்லுக்குக்கூட விளக்கம் கேட்கவில்லை. தலைப்பை மட்டும் தனியாகக் காட்டியபோது ‘பச்சோந்திக்கு ஊட்டுகிற இரை’ என்றுதான் பொருள் சொன்னார். என் மறுப்பு அப்படியே இருக்கிறது என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தலைப்பில் கலைச்சொல்லே வேண்டாம், ‘பூச்சிக்கு முதல்நாள் தீனி’ என்று போட்டாலே போதும் என்பது என் கருத்து. மறுபதிப்பு வரும் முன் அறிவித்தால் இந்த இழையிலேயே மீண்டும் எழுதுவேன்.