ஒரே ஒரு முறைதான் கேட்பார்கள்

குளிர், மொழி, சாப்பாடு. ஜெர்மனிக்குக் கிளம்பும்போது இந்த மூன்றைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் பேசினார்கள். மூன்றுக்கும் ஓரளவு தயாராகத்தான் வந்தேன். இங்கே எதையும் ஒரே ஒரு முறைதான் கேட்பார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் விருதுநகர்க்காரி. 2016 அக்டோபரில் முதுநிலைப் படிப்புக்காக ஸ்டுட்கார்ட் வந்தேன். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்புத் தோழி ஒருத்தி தன் அக்காவின் பழைய குளிர்கோட்டைத் தருவதாகச் சொல்லி எஸ்லிங்கனில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு வரச் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி 12.30. சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவள் அம்மா கூடுதலாக ஒரு தட்டை எடுத்து வந்து, "நீயும் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும் வாய் தானாக "நைன், டாங்கே" என்றது. வேண்டாம், நன்றி. நம் ஊரில் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராதே. அடுத்து "அட, சும்மா உட்காரும்மா" என்று ஒரு குரல் வரும், அதற்கப்புறம் உட்காரலாம் என்று காத்திருந்தேன்.

அவர் சிரித்த முகத்தோடு "சரி" என்று சொல்லிவிட்டு, தட்டைத் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டார்.

நான்கு பேரும் சாப்பிட்டார்கள். ஷ்பெட்ஸ்லெ என்று அந்தப் பக்கத்து முட்டை நூடுல்ஸ், மேலே குழம்பு மாதிரி ஒன்று. அதே மேசையில் நானும் உட்கார்ந்து அவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டேன், சோடா வந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கோட்டை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். அறையில் அரிசிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே மளிகைக் கடையோ சூப்பர் மார்க்கெட்டோ திறக்காது. அந்த ஓய்வு நாளுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் திறந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் அழுதேன். "பசிக்குதுன்னு முகத்தைப் பார்த்தாத் தெரியாதா?" என்று அம்மா கேட்டார். நானும் அதையேதான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஈழத்தமிழர் ஒருவரின் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த அண்ணா, "பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றார். வேண்டாம் என்றேன். "குளிருக்கை வந்திருக்கிறீங்கள், குடியுங்கோ." பரவாயில்லை அண்ணா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டுவந்து என் கையில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் என்னை இரண்டாவது முறை கேட்ட முதல் ஆள் அவர்தான்.

ஆறேழு மாதம் கழித்து, நன்றாகப் பழகிய பிறகு, அந்தத் தோழியிடம் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். திகைத்துப்போய்விட்டாள். "நீ வேண்டாம் என்று சொன்னாய். திரும்பவும் கேட்டால், உன் பேச்சை என் அம்மா நம்பவில்லை என்று ஆகாதா? உன்னை வற்புறுத்துகிற மாதிரி இருக்காதா?" என்றாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அலமாரிக்குள் போன தட்டு ஒரு மரியாதை என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

மியூனிக்கில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் நண்பருக்கு இது அலுவலகத்தில் நடந்தது. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று மேலாளர் கேட்டிருக்கிறார். முடியாது என்று இவருக்குத் தெரியும். இருந்தாலும் பெரியவரிடம் எப்படி அப்படிச் சொல்வது என்று, "முயற்சி செய்கிறேன்" என்றார். நம்மில் யாரும் அந்தக் குரலிலேயே விஷயத்தைப் பிடித்துவிடுவோம். மேலாளரோ அதை 'முடியும்' என்று எடுத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை திட்டு விழவில்லை, ஒரு கேள்விதான் வந்தது. "செவ்வாய்க்கிழமையே முடியாது என்று சொல்லியிருந்தால் உதவிக்கு ஆள் கொடுத்திருப்பேனே, ஏன் சொல்லவில்லை?" நண்பர் இப்போது முடியாததை முடியாது என்றே சொல்கிறார். வேலை இடத்தில் அவர்கள் முறைதான் சரி, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். "காபி சாப்பிடுறீங்களா சித்தி?" என்றேன். "வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்." சரி என்று நான் பாட்டுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். சித்தி முகம் ஒரு நொடி சுருங்கியதை அடுப்படி வாசலிலிருந்து அம்மா பார்த்தார். பேசாமல் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தார். எஸ்லிங்கனில் எனக்கு நடந்ததை என் சித்திக்கு நானே செய்திருந்தேன். அந்த ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

போன வருடம் அம்மா 90 நாள் விசாவில் ஸ்டுட்கார்ட் வந்தார். எங்கள் கீழ் வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். இந்த ஊரில் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து மாடிப்படி கூட்ட வேண்டும். 'கேர்வோக்கெ' என்று பேர், 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வரும் வழக்கம். நான் குடிவந்த புதிதில் என் முறையைத் தவறவிட்டபோது, கதவைத் தட்டி "படி கூட்டவில்லை" என்று நேராகச் சொன்னவர் அவர். அவர் எங்கள் இருவரையும் காபிக்குக் கூப்பிட்டார். ஆப்பிள் கேக்கை வெட்டி, அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"வேண்டாம்னு சொல்லு" என்றார் அம்மா.

நான் கொஞ்சம் தயங்கினேன். அப்புறம் ஜெர்மனில் சொன்னேன், "அம்மா வேண்டாம் என்கிறார். ஆனால் தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள்."

அந்தப் பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்தார். பிறகு அதே அக்கறையோடு மறுபடி கேட்டார். அம்மா "ஐயோ, எதுக்குங்க" என்றார். "இன்னும் ஒரு முறை" என்றேன். மூன்றாவது முறை கேட்டதும் அம்மா தட்டை வாங்கிக்கொண்டார், இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அம்மா ஊருக்குக் கிளம்பிய செப்டம்பர் காலையில் பாட்டி படியேறி வந்தார். கையில் பிளம் கேக். அம்மாவிடம் நீட்டி, என்னை மொழிபெயர்க்கவே விடாமல், "பிட்டே" என்றார். தயவுசெய்து. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் "பிட்டே" என்றார். மூன்றாவது "பிட்டே"க்கு அம்மா கையை நீட்டினார்.