கர்ப்பிணிக்கு நெஞ்சு எக்ஸ்ரே: வயித்துக்கு ஈய ஏப்ரன் கட்டணுமா?

அம்பை_எக்ஸ்ரே:
பத்து வாரக் கர்ப்பிணி, மூணு வாரமா இருமல், நெஞ்சு எக்ஸ்ரே சீட்டோட வர்றாங்க. கூட வந்த மாமியார் ஏப்ரன் கட்டச் சொல்றாங்க. மெஷின்ல ஏ.இ.சி. (கதிரை அளந்து தானா நிறுத்துற சென்சார்) உண்டு. கட்டலாமா?

பாளை_ரேடியோகிராபர்:
அண்ணாச்சி, நெஞ்சுப் படத்துல கருவுக்குப் போறது அதிகபட்சம் 0.01 மில்லிகிரே (உடம்பு வாங்குற கதிரோட அளவு). பத்து மாசத்துல இயற்கையா வர்ற கதிரே 0.5 முதல் 1 மில்லிகிரே வரை. அந்தக் கொஞ்சமும் பெரும்பாலும் நெஞ்சுக்குள்ள சிதறி உடம்பு வழியாவே இறங்குது, வெளியே கட்டுற ஈயம் அதை மறிக்காது. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-லேயே வழக்கமாக் கட்டுறதை நிறுத்தச் சொல்லிட்டது. ஏப்ரன் மேலேறி ஏ.இ.சி. சென்சாரை மறைச்சா மெஷின் டோஸைக் கூட்டிரும். பி.ஏ. படத்துல (முதுகுலேருந்து நெஞ்சுக்குக் கதிர் போறது) டியூப் முதுகுப் பக்கம் இருக்கு. முன்வயித்துல மட்டும் கட்டுறது பேருக்குத்தான். மாமியார் மனசு ஆறணும்னா இடுப்பைச் சுத்தி, முதுகுப் பக்கமும் மறையுற மாதிரி, கதிர் விழுற ஃபீல்டுக்குக் கீழே கட்டுங்க.

நெசமாக் குறையுறது கோலிமேஷன்லதான், அதாவது கதிர் விழுற பரப்பைச் சுருக்குறதுலதான். நுரையீரல் கீழ்க்கோணம் தாண்டி ரெண்டு விரல்கடையில விளக்கை நிறுத்துங்க. தூரம் 180 செ.மீ., கிரிட் (சிதறுற கதிரை வடிகட்டுற தட்டு) வச்சா 110-120 கே.வி. (டியூப் மின்னழுத்தம்). பக்கவாட்டுப் படம் டாக்டர் கேட்டாத்தான்.

அடுத்தது, ரிப்பீட் வரக்கூடாது, படத்தை மறுபடி எடுக்க வச்சிரக் கூடாது. தாலிக்கொடியில கோத்த ஊக்குக் கொத்து நுரையீரல் மேல விழும். பின்னல் சடை தோளுக்கு மேல கிடந்தா, காசநோய் தேடுற நுரையீரல் உச்சியிலேயே நிழல் தட்டும். ஊக்கை எடுத்துட்டு, சடையை உச்சந்தலையில கட்டுங்க. தாலியைக் கழத்த மனசில்லேன்னா பல்லுல கவ்வி, மூக்கால மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லுங்க. மூச்சுப் பிடிக்கிறதை ரெண்டு தடவை ஒத்திகை பாத்துட்டு ஸ்விட்சை அமுக்குங்க.

தென்காசி_சிடி:
முன்னாடியே கேக்குறதும் முக்கியம். "கர்ப்பமா?"ன்னா, தெரியாதவங்க இல்லேம்பாங்க. "கடைசியாத் தலைக்குக் குளிச்ச (மாதவிலக்கு வந்த) தேதி என்ன?"ன்னு தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க.

அம்பை_எக்ஸ்ரே:
நன்றி அண்ணாச்சி. வயித்து சி.டி.க்கு?

தென்காசி_சிடி:
அங்க கருவே கதிர் பாதையில இருக்கு, 1.3 முதல் 35 மில்லிகிரே வரை போகலாம். அதனால கல்லு, குடல்வால் சந்தேகம்னா முதல்ல அல்ட்ராசவுண்ட், தெளியலைன்னா கடோலினியம்ங்கிற சாய ஊசி இல்லாம எம்.ஆர்.ஐ. உயிர் போற விஷயம்னா சி.டி.யைத் தள்ளிப்போடாதீங்க, ஒரே ஃபேஸ் (ஒரே தடவை ஸ்கேன்), தேவையான நீளம் மட்டும்.

கர்ப்பம்னு தெரியாம எடுத்துட்டு, கலைச்சிரலாமான்னு அழுதுட்டு வருவாங்க. 50 மில்லிகிரேக்குக் கீழே ஊனமோ கருச்சிதைவோ கூடினதாக் காணலை. டி.எல்.பி. (ஸ்கேனோட மொத்தக் கதிர் அளவு), கே.வி., எம்.ஏ.எஸ். (டியூப் மின்னோட்டத்தை நேரத்தால பெருக்கினது) மூணையும் எழுதி இயற்பியலாளர்கிட்ட கொடுங்க. அவர் கணக்குப் போட்டுச் சொல்ற வரை யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.