புகையிலையை விட்டேன், பாக்கை விடவில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலைக்குச் சேர்ந்த 2006-ஆம் ஆண்டில், இரவு ஷிப்டில் கண் அயராமல் இருப்பதற்காக மூத்த தொழிலாளி ஒருவர் கொடுத்த மாவாவை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டதுதான் தொடக்கம். பாக்குச் சீவல், புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் பிளாஸ்டிக் தாளில் வைத்துச் சூடேறும்வரை தேய்த்துத் தருவார்கள். 2013-இல் தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்ட பிறகும், முகம் தெரிந்தவனுக்குப் பெட்டிக்கடையில் எதுவும் கிடைக்காமல் போகவில்லை, விலைதான் ஏறியது.

பதினாறு ஆண்டுகள் இப்படிப் போயின. 2022-இல் ரசம் பட்டாலே வாய் எரியத் தொடங்கியதும் பயந்துபோய், புகையிலைப் பொட்டலங்களின் மேல் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தேன். (மாவாப் பொட்டலத்தில் எச்சரிக்கைப் படமும் கிடையாது, எண்ணும் கிடையாது, கூட வேலை செய்பவரின் பொட்டலத்தைப் பார்த்துத்தான் குறித்துக்கொண்டேன்.) தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். முதல் மூன்று நாட்கள்தான் கொடுமை: தலைவலி, தூக்கமின்மை, குழம்பில் உப்புக் குறைந்ததற்கெல்லாம் மனைவியிடம் எரிந்து விழுந்தது.

நிக்கோட்டின் சூயிங்கத்தை முதலில் சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளி, விக்கல் எடுத்து அவதிப்பட்டேன். காரச்சுவை வரும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. மாவாவை ஒதுக்கிய அதே இடத்தில் மருந்தையும் ஒதுக்குவதா என்று தோன்றியதால், வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டேன். அது மருத்துவம் சொன்னதல்ல, என் மனத் திருப்திக்காகச் செய்தது.

ஆறு மாதத்தில் புகையிலை முற்றிலும் நின்றது. ஆனால் வாய் சும்மா இருக்க மறுத்ததால், வெறும் பாக்குத்தானே, கல்யாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிற பொருள்தானே என்று பாக்குப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முன்பைவிட அதிகமாகவே மெல்லத் தொடங்கினேன். புகையிலையை விட்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டது பொய்யல்ல என்பதால் உறுத்தலும் இல்லை.

தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பானிபூரி ஒன்றை முழுதாக வாயில் போட முயன்று முடியாமல், தண்ணீரெல்லாம் சட்டையில் கொட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள். மறுவாரம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறி, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலிருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். அங்கிருந்த இளம் மருத்துவர் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி என் வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். இரண்டுக்கு மேல் நுழையவில்லை. அளவுகோலில் 24 மில்லிமீட்டர் காட்டியது.

கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார்போல இறுகிக்கொண்டே போகும் இந்த நோய்க்கு முதன்மைக் காரணம் பாக்குதான் என்றும், ஏற்கெனவே இறுகியது பழையபடி முழுதாக இளகிவிடாது என்றும், இது நாளடைவில் புற்றுநோயாக மாறும் அபாயம் உண்டு என்றும் அவர் சொன்னபோது, புகையிலையை விட்ட பெருமையெல்லாம் அந்த நாற்காலியிலேயே வடிந்துவிட்டது. புகையிலை சேராத வெறும் பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டதாம். அதை எந்தக் கல்யாண வீட்டில் சொல்வார்கள்?

பாக்கை விடுவதுதான் உண்மையில் கடினமாக இருந்தது, ஏனென்றால் அதைக் கெட்ட பழக்கம் என்று என்னைச் சுற்றியிருந்த ஒருவரும் நினைக்கவில்லை. வேலை நேரத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும் என்பதால், பைக்குள் சோம்பும் கொஞ்சம் ஏலக்காயும் போட்டு வைத்தேன். பிறகு பையில்லாத டீ-சர்ட்டுக்கே மாறிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய் வருகிறேன். வாய் திறக்கும் பயிற்சிக்காக, ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் செருகி, சிறிது நேரம் அப்படியே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தொடங்கியபோது பன்னிரண்டு குச்சிகள் நுழைந்தன. நேற்று இரவு பதினாறாவது குச்சி வலியோடு உள்ளே போனது.