மகன்ட கன்னத்தில கட்டி, பயொப்சி எடுக்கச் சொல்லினம். கத்தி பட்டா பரவுமா?

வெள்ளவத்தை அம்மா:
மகனுக்கு 5 வயசு. ரெண்டு மாசத்துக்கு முந்தி இடப்பக்கக் கன்னத்தில, காதுக்குக் கொஞ்சம் முன்னால புளியங்கொட்டை அளவில ஒரு கட்டி வந்தது. நோகேல்லை எண்டபடியா விளையாடேக்க எங்கயாவது இடிச்சிருப்பான் எண்டு விட்டிட்டம். பிறகு ஒரு கிளினிக்கில பல்லுக்கிருமி எண்டு ரெண்டு தரம் அன்டிபயோட்டிக் தந்தவை, வத்தேல்லை. இப்ப தேசிக்காய் அளவு. சிரிச்சா வாய் ஒரு பக்கம்தான் போகுது, சோறு தீத்தேக்க வாயை முழுசாத் திறக்கிறானில்லை. எம்ஆர்ஐ பாத்திட்டு டொக்டர் ராப்டோமயோசார்கோமா எண்ட கேன்சரா இருக்கலாம், பயொப்சி, அதாவது கட்டியில சின்னத் துண்டு எடுத்துச் சோதிச்சாத்தான் சொல்லலாம் எண்டவர். இதிலதான் வீட்டில சண்டை. அம்மம்மா கட்டியில கத்தி படக்கூடாது, பட்டா உடம்பெல்லாம் பரவிப்போம் எண்டு அழுறா, இவர் எண்டால் ஏன் துண்டு எடுக்கிறான், முழுசா வெட்டி எறிஞ்சா முடிஞ்சுதானே எண்டுறார். எனக்கு நித்திரையே இல்லை, தெரிஞ்ச ஆராவது சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை அப்பா:
தங்கச்சி, எங்க மகளுக்கு 4 வயசில இதே வருத்தம், கண்ணுக்குப் பின்னால. எங்க வீட்லயும் இதே கத்தி கதைதான், அதுல ஒரு மாசம் வீணாப்போச்சு, அத நினைச்சா இன்னும் நெஞ்சு அடைக்குது. பயொப்சி எடுத்து எதுவும் பரவல. ஆனா அது இல்லாம எந்த மருந்துன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது, கண்ணக் கட்டிட்டு அடிக்கிற மாதிரி.

மகரகம அபேக்ஷாவிலதான் பார்த்தோம், அரசாங்க கேன்சர் ஆஸ்பத்திரி, கீமோவுக்கோ ரேடியேஷனுக்கோ காசு வாங்கல. கிட்டத்தட்ட ஒரு வருஷம் 138 பஸ்தான் எங்களுக்கு வீடு. வின்கிறிஸ்டின்னு ஒரு கீமோ மருந்து போட்டா மலச்சிக்கல் வரும், மகளுக்கு கால் தடுமாறி படியேறயில செருப்பு கழண்டு கழண்டு விழும், பிறகு சரியாச்சு. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கீமோ நடக்கிற காலத்தில 38 டிகிரி காய்ச்சல் வந்தா பனடோல் குடுத்து விடியட்டும்னு பார்க்காம ராத்திரி 2 மணின்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வெள்ளணு குறைஞ்ச பிள்ளைக்கு அது உயிர் விஷயம்.

கரண்ட், அதான் ரேடியேஷன், பிடிக்கிறப்ப தலை அசையக்கூடாதுன்னு சூடா இளகின பிளாஸ்டிக் வலைய முகத்தில அமுக்கி ஒரு முகமூடி செஞ்சாங்க, அத மேசையோட பூட்டுவாங்க, அதனால சின்னதுகளுக்கு தினமும் மயக்கம் குடுத்துத்தான் செய்வாங்க. அந்த முகமூடிய இப்பவும் அலுமாரில வச்சிருக்கோம். மகளுக்கு இப்ப 12 வயசு, அந்தக் கண்ணுப் பக்கம் எலும்பு கொஞ்சம் சின்னது, கண் காயுது, சொட்டு மருந்து விடுறோம். ஸ்கூலுக்குப் போறா.

தெமட்டகொட ராத்தா:
நான் பிள்ளைகளோட கேன்சர் வாட்டில நேர்ஸா இருந்தவள். உம்மம்மா சொல்ற பயம் சும்மா வந்ததில்ல. முந்தி பிளான் இல்லாம கட்டிய அரைகுறையா வெட்டி எடுப்பாங்க, மிச்சம் இருந்தது திரும்ப வளரும், ஆக்கள் கத்தி பட்டதாலதான் வளர்ந்திச்சுன்னு சொல்வாங்க. அதால பின்னுக்கு வைத்தியம் பாக்கப்போற டீமே இடம் பாத்து பயொப்சி எடுக்கட்டும், அதக் கேளுங்க.

இது தசையாக வேண்டிய செல்லில வார கேன்சர். பிள்ளைகள்ட மென்திசுக் கேன்சர்ல இதுதான் கூட, ஆனாலும் அபூர்வம், அதாலதான் பல்லு வீக்கம், காதுச் சீழ், பீனிசம்னு நினைச்சு நாள் போயிரும். எடுத்த துண்டுல டெஸ்மின், மயோஜெனின்னு தசைப் புரதங்களக் காட்டுற சாயம் போட்டுப் பாப்பாங்க, எம்பிரியோனலா அல்வியோலரான்னு எந்த வகைன்னும், ஃபொக்ஸ்ஓ1ங்கிற மரபணு வேற மரபணுவோட ஒட்டியிருக்கான்னும் பாப்பாங்க. மருந்து எவ்வளவு கடுமைன்னு அதுலதான் முடிவாகும். வேற இடத்துக்குப் பரவியிருக்கான்னு பாக்க நெஞ்சு சிடி, எலும்பு மச்சை, மண்டையோட்டு அடிக்கிட்ட இருந்தா முதுகுத் தண்ணியும் எடுப்பாங்க, பயந்துடாதீங்க.

உங்க வீட்டுக்காரருக்கு இதச் சொல்லுங்க. காதுக்கு முன்னாலதான் முகத்த அசைக்கிற நரம்பு கிளை பிரியுது. முழுசா வெட்டப் போனா கண் மூடாது, வாய் கோணிரும், அப்படியும் ஓரத்துல செல் மிஞ்சும். அதால முதல்ல கீமோ போட்டு சுருக்கிறாங்க, பிறகு கரண்ட், தேவைப்பட்டா ஒபரேஷன். 1972ல அமெரிக்காவுல இதுக்குன்னே பெரிய கூட்டு ஆய்வொண்டு தொடங்கி இப்படி மருந்துகள சேர்த்துக் குடுத்துப் பாத்தாங்க. 1970ல நாலுல ஒரு பிள்ளைதான் தப்பினது, அந்த நூற்றாண்டு முடியிறதுக்குள்ள பரவாத பிள்ளைகள்ல நாலுல மூணு பேரளவுக்கு வந்திச்சு. கட்டி சுருங்கிட்டுன்னு பாதில நிப்பாட்டிடாதீங்க, அந்த நேரம்தான் ஆக்கள் ஏமாறுறது.

வெள்ளவத்தை அம்மா:
ரெண்டு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுறன். நரம்புக் கதையை இவருக்கு வாசிச்சுக் காட்டினனான், பேசாமல் இருந்திட்டு வியாழக்கிழமை லீவு போடுறன் எண்டிட்டார். அம்மம்மாவும் வாறாவாம். மகனுக்கு என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போறது?

கொட்டாஞ்சேனை அப்பா:
பொய் சொல்லிடாதீங்க, தங்கச்சி. கன்னத்தில இருக்கிற கட்டிய டொக்டர் மாமா கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்ப்பார், நீ தூங்கிட்டு இருப்ப, எழும்பிறப்ப அம்மா பக்கத்தில இருப்பேன்னு சொல்லுங்க. பிடிச்ச பொம்மை ஒண்ணு பேக்ல வைங்க.