ஹார்ப் முடிச்சுக்குள் வைக்கும் துண்டு: என்ன சொல்லலாம்?

வ. எழுதியது:
நண்பர்களே, ஹார்ப் (யாழ் போன்ற மேலைநாட்டு நரம்புக் கருவி) புதிதாகக் கற்பவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'நரம்பு அறுந்தால்' பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஹார்ப்பின் ஒலிப்பெட்டியின் பின்பக்கத் துளைக்குள் கைவிட்டு, புது நரம்பின் நுனியில் முடிச்சுப் போட வேண்டும். மெல்லிய நரம்பானால் முடிச்சு பலகைத் துளை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் பழைய தடித்த நரம்பில் ஒரு துண்டு நறுக்கி முடிச்சுக்குள் செருகி இறுக்குவார்கள். ஆங்கிலத்தில் அந்தத் துண்டை நங்கூரம் என்கிறார்கள். அப்படியே போட்டால் கப்பலைத் தேடுவார்கள்.

மு. எழுதியது:
கடையாணி. சக்கரம் அச்சை விட்டுக் கழலாமல் தடுப்பது அதுதானே? அதே வேலை.

க. எழுதியது:
தம்பி மு., ஆணி என்றால் பையன் சுத்தியலை எடுப்பான். யாழ் இருக்க மாட்டுவண்டி எதற்கு? பொருநராற்றுப்படையில் 'அளைவாழ் அலவன் கண்கண் டன்ன துளைவாய் தூர்ந்த துரப்பமை ஆணி' என்று வருகிறதே. வளைக்குள் இருக்கும் நண்டின் கண்! 'அலவன்கண்' என்று வையுங்கள். ஒலிப்பெட்டியையும், யாழுக்குச் சொல்வது போல, பத்தர் என்றே எழுதுங்கள்.

மு. எழுதியது:
ஐயா, உங்கள் மேற்கோளிலும் ஆணிதான் இருக்கிறது. அதுவும் துளையை அடைக்கிற ஆணி, நரம்பு நுனியைப் பிடிப்பது அல்ல.

ச. எழுதியது:
நான் ஹார்ப் வாசிக்கிறேன். முதல் முறை நரம்பு அறுந்தது நடுராத்திரியில், யாரும் தொடாமலே. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். ஏதோ உடைத்துவிட்டேன் என்று அழுதேன். ஈரப்பதம் மாறினாலே அறுமாம்! வ. அக்கா, துண்டுக்குப் பெயர் எதுவானாலும் சரி, இதைக் கட்டாயம் எழுதுங்கள்: அறுந்தது எத்தனையாவது நரம்பு என்று அடையாளத்துக்காக நிறம் போட்டிருக்கும் சிவப்பு, கறுப்பு நரம்புகளை வைத்து எண்ணிப் பார்த்து, அதே தடிமனில் வாங்க வேண்டும். புது நரம்பின் சுருதி சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். பயப்படாமல் திரும்பத் திரும்பச் சுருதி கூட்ட வேண்டும். எங்கள் வகுப்பில் அந்தத் துண்டைத் தக்கை என்றுதான் சொல்கிறோம்.

க. எழுதியது:
தக்கை பழைய தோற்கருவி ஒன்றின் பெயர். இசைக் கையேட்டில் அது குழப்பும். தவிர, நைலானை நரம்பு என்பதே எனக்கு ஒப்பில்லை. தந்தி எனலாம்.

மு. எழுதியது:
தந்தி வடமொழி ஐயா. நேற்று வரை தூய தமிழ் கேட்டது நீங்கள்தான்!

(நரம்பா, தந்தியா, கம்பியா என்று பதினொரு மடல்கள்.)

வ. எழுதியது:
நேரமில்லை. தக்கைக்கு நாலு பேர், கடையாணிக்கு இரண்டு பேர். 'முடிச்சுத் தக்கை' என்று போட்டு, பக்கத்தில் ஒரு படமும் வைத்துவிட்டேன்.

க. எழுதியது:
படத்துக்குக் கீழே அலவன்கண் என்று சின்ன எழுத்திலாவது?