விடுதி அறையில் நனைந்த சேலைகள்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

ராஜபாளையத்தில் சிறிய ஜவுளிக்கடை நடத்தி வருகிறேன். தீபாவளிக் கொள்முதலுக்காகக் கடந்த ஆகஸ்ட் 18 அன்று பொதிகை ரயிலில் சென்னை சென்று, எழும்பூரில் ஒரு விடுதியில் நாள் வாடகை 1,800 ரூபாய்க்கு ஏசி அறை எடுத்தேன். முதல் நாள் இரவிலேயே ஏசியிலிருந்து நீர் சொட்டியது; வரவேற்பில் சொன்னதும் ஒரு வாளியை மட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாள் கோடவுன் தெருவில் வாங்கிய சேலைக் கட்டுகளை அறையில் வைத்துவிட்டுச் சௌகார்பேட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள், 31 சேலைகள் நனைந்து, சாயம் ஒன்றோடொன்று ஏறி, விற்க முடியாதவையாகிவிட்டன. கொள்முதல் விலையில் 22,630 ரூபாய் இழப்பு. என் போன்ற கடைக்கு அது சிறிய தொகையன்று.

அன்றே படங்கள் எடுத்து, புகார்ப் பதிவேட்டில் எழுதி, மேலாளரின் கையொப்பமும் வாங்கினேன். அவர் ஒரு நாள் வாடகையை மட்டும் திருப்பித் தர முன்வந்ததால் நான் ஏற்கவில்லை. ஒப்புகை அட்டையுடன் அனுப்பிய பதிவுத் தபாலுக்கு இன்றுவரை பதில் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தபோது, விற்பனைச் சரக்கு என்பதால் நான் நுகர்வோரே அல்லன் என்று விடுதி பதிலளித்துப் புகாரை முடித்துக்கொண்டது. ஜிஎஸ்டி கணக்குக்காக அறை ரசீதைக் கடையின் பெயரில் வாங்கியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதை அறிவேன். ரசீது கடையின் பெயரில் இருக்கும் நிலையில், திருவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இந்த மனுவை ஏற்குமா, அல்லது உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டுமா?